இன்மை அறிக்கை

மாதம் பிறந்து ஐந்தாம் தேதிக்குள் வந்துவிட வேண்டும்.
காட்பாடி, பள்ளிகொண்டா, விரிஞ்சிபுரம், பேரணாம்பட்டு,
எல்லா நிலையமும் கட்டம் நிரப்பி அனுப்பும்.
நிரப்ப ஒன்றும் இல்லையென்றால்
ஒன்றும் இல்லை என்று எழுதி, முத்திரை குத்தி,
அதையும் அனுப்ப வேண்டும்.
அதற்குப் பெயர் இன்மை அறிக்கை.
பதினோரு வருடமாகத் தொகுக்கிறேன்.
மின்விசிறிக்கு அடியிலும் தாள் கையோடு ஒட்டிக்கொள்ளும் ஊர்.

மாவட்டத்தை மூன்றாக வெட்டிய வருடம்
எங்கள் குற்றங்கள் ஒரே இரவில் சரிந்தன.
ஆம்பூர் போயிற்று, வாணியம்பாடி போயிற்று,
அரக்கோணம் போயிற்று,
அங்கே அடி வாங்கியவர்களும் கூடவே போனார்கள்.
சரிவுக்குக் காரணம் என்ன என்று மேலிடம் கேட்டது.
எல்லைச் சீரமைப்பு என்று அடிக்குறிப்பு போட்டேன்.
யாரோ அந்த வரைபடத்தை வண்ணத்தில் அச்சிட்டு
வரவேற்பறையில் மாட்டினார்கள்.
அடிக்குறிப்பு சட்டத்துக்குள் அடங்கவில்லையாம்.

சி.எஸ்.ஆர். சீட்டோடு வீட்டுக்குத் திரும்பியவள்
என் தாளுக்கு வரமாட்டாள்.
எஃப்.ஐ.ஆர். ஆனால்தான் அவள் ஒன்று.
அதுவரை அவள் சமாதானம்.

ஒருமுறை அயற்பணியில் கணக்கெடுப்புக்கு அனுப்பினார்கள்,
நிலையத்துக்கே வராதவர்களை எண்ணி வர.
குடியாத்தத்தில் ஒரு தெரு.
எந்தத் தெரு என்று சொன்னால் எனக்குப் பதினேழு-பி.
அமுலு என்று வைத்துக்கொள்ளுங்கள்.
தரையில் குச்சிக் குவியல், பக்கத்தில் காலிப் பெட்டிகள்.
எண்ணாமலே நாற்பது அள்ளும் கை.
வாசற்படியில் அவள் புருஷன்,
முதுகை எங்கள் பக்கம் வைத்துக்கொண்டு
காதையும் எங்கள் பக்கம் வைத்துக்கொண்டு
பீடி பிடித்துக்கொண்டிருந்தான்.

வினா இருபத்து மூன்று.
கடந்த பன்னிரண்டு மாதங்களில்
வீட்டில் உள்ள எவராலும்
அடிக்கப்பட்டோ, தள்ளப்பட்டோ, சூடு வைக்கப்பட்டோ…
முழுவதும் படிக்க வேண்டும், விதி.
படித்தேன்.

"அப்புடியெல்லாம் ஒண்ணும் இல்லக்கா.
இல்லன்னே எழுதிக்கோ."

சொல்லிக்கொண்டே
ஒரு குச்சியை எடுத்து என் பக்கம் வைத்தாள்.
இன்னொன்று.
இன்னொன்று.
நாற்பதை ஒரே பிடியில் அள்ளுகிற கை
ஒன்று ஒன்றாக, கிழக்குமேற்காக, சத்தமில்லாமல்.
"தண்ணி மட்டும்தான் கஷ்டம், ஒருநாள் விட்டு ஒருநாள் வருது"
என்றாள் வாய்,
நடுவே ஒரு குச்சியை ஒடித்து
இரண்டு துண்டையும் சேர்த்து வைத்தாள் விரல்.
அங்கே மட்டும் கொஞ்சம் நின்றது.
பிறகு மறுபடி ஒன்று, இன்னொன்று.

வாசலில் பீடி தீர்ந்தது.
மொத்தத்தையும் ஒரு பெட்டிக்குள் தள்ளி
"டீ கூட குடிக்காமப் போறியே" என்று
என் பைக்குள் போட்டாள்.

கையேடு, பக்கம் ஒன்பது:
வாய்மொழியாகக் கூறப்பட்ட விடையை மட்டுமே பதிவு செய்க.
பதிவு செய்தேன்.
பூஜ்யத்தை நான் வட்டமாகப் போடுவேன்,
அன்று கொஞ்சம் கோணிவிட்டது.

பேருந்தில், பள்ளிகொண்டா தாண்டும்போது எண்ணினேன்.
முப்பத்தொன்று. ஒடிந்தது தனி.
அதை ஒன்று என்பதா, இரண்டு என்பதா,
எண்ணவே கூடாத ஏதோ என்பதா,
கையேட்டில் இல்லை.
பெட்டியின் மேல் அச்சிட்டிருந்தது:
சராசரியாக நாற்பது குச்சிகள்.

இந்த மாதமும் மேற்கே ஒரு நிலையம்
பெண்கள் மீதான குற்றம் என்ற பத்தி முழுக்க
அளவுகோல் வைத்து ஒரே கோடு இழுத்து அனுப்பியிருக்கிறது.
கூட்டினேன். கோட்டைக் கூட்டினால் கோடுதான்.
கையெழுத்திட்டு மேலே அனுப்பினேன்.

இன்று வெள்ளிக்கிழமை.
சாமி படத்துக்குக் கற்பூரம் ஏற்ற
ஆபீஸ் உதவியாளர் கஜபதி வந்து
"மேடம், தீப்பெட்டி இருக்குதா?" என்று கேட்டார்.
முழங்கால் மேசை டிராயரில் முட்டிக்கொண்டிருந்தது.

இல்லை என்றேன்.

எதிர்க்கடைக்குப் போனார்.